யார் வீட்டு மெலாகன்?

டிரம்பரா, லீட்ரிம் மாவட்டம்
19 நவம்பர் 2018

மதிப்பிற்குரிய திரு. ஜார்லத் மெலாகன் அவர்களுக்கு,

தங்கள் நலனையும் தங்கள் அன்னையார் திருமதி அசம்ப்டா அவர்களின் நலனையும் நாடுகிறேன். ஆகஸ்ட் பதினெட்டாம் நாள் நடந்ததற்கு நவம்பரில் கடிதம் எழுதுவது முறையன்று என்பதை அறிவேன். காலதாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். மூன்று முறை எழுதினேன். மூன்றும் சொல்லமைதி கூடாமல் அடுப்பில் போயின. தொலைபேசியில் அழைத்தபோது என் குரலைக் கேட்டதும் தாங்கள் வைத்துவிட்டீர்கள். எனவே அஞ்சலே வழி.

முறைமையை மீண்டும் ஒருமுறை எழுத்தில் வைப்பது என் கடமை. குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் அதே வழியில், ஆண்களின் உயிரணுவில் ஒரு குறிப்பும் செல்கிறது. பெண்களாகிய எங்களிடம் அக்குறிப்பு இல்லை. ஆகவே இக்குலத்தின் பதிவுகளை முப்பத்தொரு ஆண்டுகள் திரட்டிய நான், என் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டித் தர இயலாமல், என் தம்பி இக்னேஷியஸின் கன்னத்தைச் சுரண்டி அனுப்பினேன். எங்கள் சிற்றப்பா மகனும் தந்தார். அவ்விரு மாதிரிகளும் ஒத்துப்போயின. அவற்றுக்கு ‘முதற்பிரிவு’ என்று பெயரிட்டேன். தாங்கள் அனுப்பிய மாதிரியை முப்பத்தேழு இடங்களில் ஒப்பிட்டதில், பத்தொன்பது இடங்களில் விலகல் தென்பட்டது. தாங்கள் முதற்பிரிவில் இல்லை என்று சொன்னது ஆய்வுக்கூடம். நான் வாசித்தவள் மட்டுமே.

ஆயினும், ஹோட்டலில் நடந்த குல மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அம்முடிவை அறிவிக்கையில், “இந்தக் கிளையில் யாரோ ஒரு பெண்மணி, பதிவேட்டுக்குச் சொல்லாத ஒன்றைத் தன்னோடு வைத்துக்கொண்டார்” என்று நான் சேர்த்த வாக்கியம், சபைக்குச் சற்று இலேசாக அமைந்துவிட்டது. பாஸ்டனிலிருந்து வந்திருந்த விருந்தினர்கள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கூவியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பின்னலாடை ஆலையில் இயந்திரத்தின் முன் நின்றபடியே இலத்தீன் வேற்றுமைகளை மனப்பாடம் செய்தவள் நான். சொற்களின் எடை அறிந்தவள் என்றே என்னைக் கருதியிருந்தேன்.

“அவ்வாக்கியத்துக்குத் தவறான பொருள் கொள்ளப்பட்டிருந்தால் மன்றம் வருந்துகிறது” என்றொரு குறிப்பை அடுத்த செய்திமடலில் வெளியிட எண்ணியுள்ளேன். தங்கள் இசைவை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
டிம்ப்னா மெலாகன்
மரபணு ஆய்வுச் செயலாளர், மெலாகன் குல மன்றம்

—

கோர்ட்டீன்
27 நவம்பர்

செல்வி டிம்ப்னா மெலாகன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சின்னப் பையனாக முதல் நற்கருணை வாங்கின நாளில் கோவில் வாசலில் என் மூக்கைத் துடைத்துவிட்டு “நில்லுடா” என்றவர் நீங்கள். இப்போது “தாங்கள்” என்கிறீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

பின்வரிசையில் கூவியது உங்களுக்குக் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்டது. டாம் ப்ரெஸ்லின். “பால்காரனா, தபால்காரனா டிம்ப்னா? அதையும் அந்த மெஷினக் கேட்டுச் சொல்லிரு!” அப்போது நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அம்மா என் பக்கத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் பதிவேட்டில் இருக்காது, எழுதுகிறேன். செப்டம்பரில் சந்தைக்கு நாலு கன்றுகளைக் கொண்டுபோனேன். ஏலம் விடுகிறவன் அட்டையை வாசித்ததும் ஒருவன் சத்தமாகச் சொன்னான்: “பரவால்லப்பா ஜார்லத், உன் கன்னுக்குட்டிக்காவது அப்பன் பேரு அட்டையில இருக்கு.” கூடாரமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

என் அப்பா ஒவ்வோர் அக்டோபரிலும் இங்கிலாந்துக்குச் பீட்ரூட் சர்க்கரை ஆலை வேலைக்குப் போய் பிப்ரவரியில் திரும்புவார். நான் செப்டம்பரில் பிறந்தவன். கடை வாசலில் இரண்டு பெண்கள் விரல் மடக்கி மாதம் எண்ணிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அப்பா ஒரு வாரம் வந்துபோவார் என்பது அந்த விரல்களுக்குத் தெரியாது. அம்மா நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எண்பத்திரண்டு வயதில் அதை ரொட்டிக்கடை வாசலில் நின்று சொல்ல வேண்டுமா?

பன்னிரண்டு மணிப் பூசைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர், செப்டம்பரில் காலைப் பூசைக்கு மாறிப் பின்வரிசையில் உட்கார்ந்தார். அக்டோபரிலிருந்து போவதில்லை. நற்கருணையைப் பங்குச் சாமியார் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

அப்பா இறந்தபோது கல்லறைக் கல்லில் தன் பெயரையும் கீழே வெட்டச் சொன்னார் அம்மா. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, “கல்லு வெட்டுறவர வரச் சொல்லி என் பேர எடுத்துரு ஜார்லத். செத்தப்பறம் என்னை எங்கம்மா ஊருக்குக் கொண்டுபோயிரு. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் என் பேருக்கு முன்னாடி நின்னு ஊரு மாசம் எண்ணணுமா?” என்றார். எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. உறைபனியில் கல்லைத் தொடமாட்டேன், பிப்ரவரி ஐந்தாம் தேதி வருகிறேன் என்று கல் வெட்டுகிறவர் சொல்லியிருக்கிறார்.

“பொருள் கொள்ளப்பட்டிருந்தால்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த “இருந்தால்” எனக்கு வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்லத்

—

டிரம்பரா
9 டிசம்பர்

மதிப்பிற்குரிய ஜார்லத் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு நான்கு நாட்கள் அந்த மேசையில் உணவருந்தவில்லை. நான் சிரித்தது உண்மை. டாம் கூவியது எனக்குக் கேட்டதும் உண்மை. முதற்கடிதத்தில் அதை மறைத்தேன்.

கல்லிலிருந்து ஒரு பெயரைச் செதுக்கியெடுக்கும் அளவுக்கு என் வாக்கியம் செல்லும் என்று நான் எண்ணியதில்லை. எண்ணாதது குற்றத்தைக் குறைக்காது.

தங்கள் அன்னையாரிடம் சொல்லத்தக்க ஒன்று உண்டு. அன்று சபையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டியது. நம் வட்டாரத்தில் ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தால், ஊர் அவரை அவருடைய சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. நிலத்துக்குரிய குடும்பப் பெயராலேயே அழைக்கும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கையில் சாமியாரும் அப்பெயரையே எழுதிவிடுவார். இரண்டு தலைமுறையில் வந்தவரின் பெயர் மறைந்துபோகும். அவருடைய குருதி நிலைக்கும். அங்கே எந்தப் பெண்ணும் எதையும் மறைக்கவில்லை. ஊரறிய மணமுடித்தாள், ஊரே பெயரிட்டது. தங்கள் வீட்டிலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு நிகழ்ந்திருக்கக்கூடும். ஆவணம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆயினும் விலகலுக்கு இதுவே பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

இதைத் தங்கள் அன்னையாரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர் மீது எவ்விதக் களங்கமும் இல்லை.

வருத்தத்துடன்,
டிம்ப்னா மெலாகன்

—

கோர்ட்டீன்
17 டிசம்பர்

டிம்ப்னா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதற்காக உங்களுக்கு நன்றி. ஆனால் அவர் சொன்னதையும் கேளுங்கள்.

“வீட்டோட மாப்பிள்ளையா? இந்த வீட்டுக்கா? உங்கப்பாவுக்கு நாலு அண்ணன் தம்பிடா. ரெண்டு பேரு சாமியாராப் போனாங்க, ரெண்டு பேருக்கு எவளும் கழுத்த நீட்டல. உங்க தாத்தாவோட பொறந்தது ஆறு பையன். அதுக்கு முன்னாடி ஏழு பேரு, படுக்க எடமில்லாம வைக்கோல் கொட்டகையில கெடந்தானுங்க. ஆம்பளப் பிள்ளைங்க வழிஞ்சு கப்பலேறிப் போன வீடுடா இது. இங்க எவன் மாப்பிள்ளையா வந்து உக்காருவான், உத்தரத்துலயா?”

பிறகு கொஞ்சம் யோசித்தார்.

“பொண்ணு மட்டும் பொறந்த மெலாகன் வீடு ஒண்ணு இருந்துச்சு. ஏரிக்கு அந்தப் பக்கம், டிரம்பரா வீடு. மூணும் பொண்ணுன்னு உங்க தாத்தா சொல்லுவாரு.” அதோடு நிறுத்திவிட்டார். அப்புறம் மெதுவாக, “ஐயோ பாவம், அவளுக்குத் தெரியாது போல” என்றார்.

டிரம்பரா வீடு உங்கள் வீடு. எனக்கு அம்மா அளவுக்கு இரக்கம் கிடையாது. பழைய பதிவேடுகள் எல்லாவற்றையும் எழுத்தெண்ணிப் படித்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தையில் எழுதுங்கள். மற்ற அலங்காரமெல்லாம் பிறகு.

ஜார்லத்

—

டிரம்பரா
6 ஜனவரி 2019

ஜார்லத்,

தெரியும்.

இன்று பெண்களின் கிறிஸ்துமஸ். ஊரெல்லாம் ஆண்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடியிருப்பார்கள். என்னை இருவர் அழைத்தார்கள், போகவில்லை. இதை எழுதி முடிக்காமல் எவர் வீட்டு நாற்காலியிலும் அமர எனக்குத் தகுதியில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் புதிதாக இரண்டு முடிவுகள் வந்தன. ஒருவர் நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடிப்பவர். மற்றவர் டாஸ்மேனியாவில் ஆசிரியர். இருவரும் மெலாகன்கள். இருவரின் முன்னோரும் 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு இருபது ஆண்டுகள் முன்பே இங்கிருந்து கப்பலேறியவர்கள். அதற்குத் தாள்கள் உள்ளன. ஒருவரையொருவர் அறியாத அவ்விருவரின் எண்களும் உங்களோடு பொருந்துகின்றன. முப்பத்தேழில் முப்பத்தாறு. என் தம்பியோடு அவை பொருந்தவில்லை.

பொருந்தாமை இருவருக்கும் பொதுவானது, ஜார்லத். உங்கள் எண்கள் இக்னேஷியஸின் எண்களிலிருந்து எவ்வளவு விலகினவோ, அவ்வளவே அவன் எண்கள் உங்களிடமிருந்து விலகின. யார் குலத்தில் நிற்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதை ஆய்வுக்கூடம் சொல்லவேயில்லை. அதைச் சொன்னது நான். என் தம்பியின் கன்னத்திலிருந்து வந்ததால் அதை முதற்பிரிவு என்றேன். தம்பியும் சிற்றப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரர்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது எதையும் நிறுவவில்லை என்பது எந்தப் பள்ளிச் சிறுமிக்கும் விளங்கும். எனக்கு விளங்க வேண்டாமென்று நானே இருந்துவிட்டேன்.

அம்முடிவுகளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உங்களுக்கு முதற்கடிதம் எழுதினேன். “தாங்கள் முதற்பிரிவில் இல்லை” என்ற வரியை எழுதும்போது இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

இன்னுமொன்று. 1859-ஆம் ஆண்டில் தொடங்கும் கோவிலின் இலத்தீன் பதிவேட்டை நான் முதன்முதலில் படித்தது இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன். டிரம்பரா வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவள் ஹானோரா, மைக்கேல் டிவ்னன் என்ற கூலியாளை மணக்கிறாள். முதல் இரு குழந்தைகளுக்கும் டிவ்னன் என்று ஞானஸ்நானம். மூன்றாவது குழந்தை மெலாகன். அந்த மூன்றாவது குழந்தைதான் என் கொள்ளுத்தாத்தா. அந்த இலத்தீனை வாசிக்கத்தான் ஆலையில் கால் கடுக்க நின்று படித்தேன். வாசித்தேன், புரிந்தது, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சென்ற மாதம் உங்கள் வீட்டுக்கென்று நான் அனுப்பிய விளக்கம், என் வீட்டிலிருந்து எடுத்தது. உங்களுக்கு ஆறுதல் சொல்வதாகப் பாவனை செய்து, என் வீட்டுச் செய்தியை உங்கள் தலையில் கட்டினேன்.

தம்பியிடம் நேற்றுச் சொன்னேன். அவன் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். “அப்ப நான் டிவ்னனா?” என்றான். “ஆமாம்டா” என்றேன். “அதுக்கு இப்ப என்ன, பசு பால் குடுக்கமாட்டேன்னுச்சா?” பிறகு நிமிர்ந்து பார்த்து, “அந்தம்மா பூசைக்கு வர்றதில்லைன்னு ஊரே பேசுது. நீ இதத் தெரிஞ்சு வச்சிக்கிட்டா உக்காந்திருந்த?” என்றான். அவன் வெளியே போய்விட்டான். என்னோடு அவன் அதன்பிறகு பேசவில்லை.

எனக்கென்று சொந்த வீடில்லை, பட்டமில்லை, பிள்ளையில்லை. இந்தப் பெயரின் தலைவாசலில் நிற்பவள் நான் என்ற ஒன்றே இருந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

உங்கள் அம்மாவை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். உங்கள் வாயிற்கதவைத் திறப்பீர்களா?

டிம்ப்னா

—

கோர்ட்டீன்
20 ஜனவரி

டிம்ப்னா,

முதல் தடவை வாசித்தபோது கடிதத்தைக் கசக்கிவிட்டேன். மறுநாள் நீவி எடுத்து அம்மாவுக்கு வாசித்தேன். முடிந்ததும் “இன்னொரு தடவ வாசி” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“வீட்டுக்கு வந்து காதுல சொல்ற மன்னிப்பு எனக்கு எதுக்கு? எனக்குத்தான் நான் யாருன்னு தெரியுமே. நாலு பேரு முன்னாலதான அவ சொன்னா. நாலு பேரு முன்னால அதத் திரும்ப எடுக்கட்டும். ஹோட்டல்ல இல்ல, கோயில்ல, பன்னிரண்டு மணிப் பூசையில.”

“நீங்க வர்றீங்களா அம்மா?” என்று கேட்டேன்.

“நான் எதுக்கு? அவ அழுறதப் பாக்கவா?”

சிறிது நேரம் கழித்து அடுப்படியிலிருந்து கூப்பிட்டார். “அந்த ஹானோராவப் பத்தியும் சேத்துச் சொல்லச் சொல்லு. ஊரறியக் கட்டிக்கிட்டவன்னு. இல்லன்னா நாளைக்கு அந்த ப்ரெஸ்லின் பய அவளுக்கும் தபால்காரனத் தேடுவான்.”

இதுதான் என் அம்மா. இவரைத்தான் நீங்கள் சபையில் வைத்துச் சிரித்தீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. வாயிற்கதவு இப்போதைக்குச் சாத்தியே இருக்கும்.

கல் வெட்டுகிறவர் ஐந்தாம் தேதி வருவதில் மாற்றமில்லை. அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். “மொதல்ல அவ சொல்லட்டும்” என்றார்.

ஜார்லத்

—

டிரம்பரா
3 பிப்ரவரி, ஞாயிறு, மாலை

ஜார்லத்,

இன்று பன்னிரண்டு மணிப் பூசையின் முடிவில், பங்குத்தந்தை அனுமதித்தபடி, வாசகப் பீடத்தருகே நின்று பேசினேன். நீங்கள் இருவரும் வராததால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். “பெருமதிப்பிற்குரிய பங்கு மக்களே” என்று தொடங்கியதும் இடப்பக்கத்திலிருந்து திருமதி கில்மார்ட்டின், “சத்தமா சொல்லு டிம்ப்னா, அன்னிக்கு ஹோட்டல்ல நல்லாத்தான கேட்டுச்சு” என்றார். தாளை மடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அதில் எழுதியிருந்த எதுவும் நினைவில் வரவில்லை.

“ஜார்லத்தோட அம்மாவப் பத்தி ஆகஸ்டுல நான் சொன்னது பொய்” என்றேன். “தெரியாம சொன்னேன்னு சொல்லமாட்டேன். அக்டோபர்லயே எனக்கு உண்மை தெரியும். தெரிஞ்சும் நாலு மாசம் வாயத் தொறக்கல. அசம்ப்டா வீட்டுப் பிள்ளைங்கதான் அசல் மெலாகன். இடையில வந்தது நாங்க. எங்க தாத்தாவோட பாட்டி ஹானோரா, மைக்கேல் டிவ்னன்ங்கிற கூலிக்காரர இதே கோயில்ல, ஊரு பாக்கக் கட்டிக்கிட்டா. அவரு வீட்டோட மாப்பிள்ளையா வந்தாரு, ஊருதான் அவருக்கு எங்க பேர ஒட்டுச்சு. அவளும் எதையும் மறைக்கல. மறைச்சது நான் ஒருத்திதான்.”

டாம் ப்ரெஸ்லின் எழுந்தார். “அப்ப நீ யாரு வீட்டுப் பொண்ணு டிம்ப்னா?” என்றார். கேலியாகத்தான் தொடங்கினார் என்று நினைக்கிறேன். “கூலிக்காரன் வீட்டுப் பொண்ணு, டாம்” என்றேன். சிலர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு. ஆனால் டாம் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு, “அந்தத் தபால்காரன் பேச்ச எடுத்தது நானு. அதையும் எழுதிக்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியே வரும்போது கடைவாசலில் மாதம் எண்ணியவர்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். மற்றவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் நியாயமே.

மன்றச் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். முதற்பிரிவு என்ற தலைப்பை நீக்கி, வரைபடத்தைத் திருத்தி அனைவருக்கும் அனுப்பியாயிற்று. உங்கள் பெயரும் கடல்கடந்த அவ்விருவர் பெயரும் ஒன்றாக உள்ளன. என் தம்பி, சிற்றப்பா மகன் இருவர் பெயரும் தனியாக, டிவ்னன் என்ற குறிப்போடு உள்ளன.

பூசைக்குப் பின் கல்லறைத் தோட்டத்து வாயில்வரை போனேன். உங்கள் அப்பாவின் கல் அங்கிருந்து தெரியும். உள்ளே போகவில்லை. அந்தப் பெயர்மீது என் கண் படுவதற்கு உங்கள் அம்மா இன்னும் அனுமதி தரவில்லை.

இக்கடிதம் அஞ்சலில் போனால் பிந்திவிடும் என்பதால், இப்போதே வந்து உங்கள் வாயிற்கதவருகே உள்ள தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். கதவைத் தொடமாட்டேன்.

நாளை மறுநாள் கல் வெட்டுகிறவர் வருகிறார். இங்கே நடந்ததை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக்காட்டி, கல் வெட்டுகிறவரை வரச் சொல்வதா வேண்டாமா என்று கேளுங்கள். அம்மா எதைச் சொன்னாலும் எனக்கு எழுதுங்கள், ஜார்லத். விரைவில் எழுதுங்கள்.

டிம்ப்னா